தமயந்தியை வாசிக்க ஒரு வழி: வாசிப்பு வட்டங்களுக்கும் உயர்தர மாணவருக்கும்

நளன், அவன் மனைவி தமயந்தி கதையை வெண்பாக்களில் பாடும் புகழேந்திப் புலவரின் நளவெண்பாவைக் கையில் எடுத்தால் 'தமயந்தி கற்பிற் சிறந்தவள்' என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அவள் எவ்வளவு அழுதாள் என்பதை விட, அழுத பிறகு என்ன செய்தாள் என்பதில்தான் அவள் மனம் தெரியும்.

ஓர் அமர்வுக்கு எட்டுப் பத்து வெண்பா போதும். ஒருவர் சீர் பிரித்து உரக்க வாசிக்கட்டும். மற்றவர்கள் தமயந்தி தானே பேசும் அடிகளுக்குச் சிவப்புப் பென்சிலாலும், அவளைப் பற்றிப் பிறர் பேசுபவற்றுக்கு நீலத்தாலும் கோடிடட்டும். அன்னம் நளனிடம் அவளை வருணிக்கும் இடம் முழுக்க நீலம். அங்கே அவள் உள்ளத்தைத் தேடாதீர்கள்.

நிலவு சுடுவதும் தென்றல் எரிப்பதும் காதலனைப் பிரிந்த எந்தத் தலைவிக்கும் புலவர்கள் பாடுவது. அதைத் தமயந்தியின் தனி உணர்வாக எழுதுவதுதான் விடைத்தாள்களில் அதிகம் காணும் பிழை. ஓரத்தில் 'மரபு' என்று குறித்துவிட்டு மேலே செல்லுங்கள்.

நேரத்தை மூன்று இடங்களில் செலவிடுங்கள். முதலாவது சுயம்வர மண்டபம். தேவர் நால்வரும் நளன் உருவில் அமர்ந்திருக்க, கண் இமைப்பதையும், பாதம் நிலத்தில் தோய்வதையும், மாலை வாடுவதையும் எண்ணிப் பார்த்து அவளே நளனை அறிகிறாள். இரண்டாவது, காட்டில் கைவிடப்பட்டுத் தந்தை வீடு வந்தபின் அவள் அனுப்பும் தூது. 'பாழ்மண்டபத்தில் தூங்கும் காதலியை இருளில் விட்டுப் போவது வேந்தனுக்கு வீரமோ' என்ற பொருளில் ஊரூராகக் கேட்கச் சொல்கிறாள். எதிர்மொழி தருபவன் யாரென்று அறிந்து வரவேண்டும். மனக்காயத்தையே தேடும் கருவியாக்குகிறாள். இந்தப் பாடலுக்கு ஓர் அமர்வு முழுவதையும் கொடுத்தாலும் தகும். மூன்றாவது, நளனை வரவழைக்க அவள் அறிவிக்கும் இரண்டாம் சுயம்வரம். இதை வெறும் தந்திரம் என்று கடந்துவிடக் கூடாது.

மாசியில் உங்கள் பெருந்தோட்டத்தில், சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்து நடந்தால், மன்மதன் மனைவி ரதியின் புலம்பலையும் இதே முறையில் கேளுங்கள். கூத்து வாத்தியாரிடம் அனுமதி வாங்கி, தப்பு மேளச் சத்தம் குரலை மூடாதபடி ரதி வேடக்காரருக்கு அருகில் நின்று தொலைபேசியில் பதியுங்கள். பெரும்பாலும் ஆண்களே ரதியாக ஆடுவதால், ஆட்டத்தைக் குறித்த பிறகு, அதே வரிகளைத் தோட்டத்துப் பெண் ஒருவரிடம் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். எழுதும்போது ரதி தன்னை நொந்துகொள்ளும் வரிகளையும், போகாதே என்று மன்மதனைத் தடுக்கும் வரிகளையும், சிவனிடம் நியாயம் கேட்கும் வரிகளையும் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள்.