சின்ன வீட்டில் கவனம் சிதறாமல் படிக்க, வேலை பார்க்க ஒரு மூலை அமைப்பது எப்படி?

ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, உள்ளே நாலு பேர். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்களிலும் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறவர்களிலும் நிறையப் பேருக்கு இதுதான் வீடு. ‘எனக்கு மன உறுதியே இல்லை’ என்று அவர்கள் தங்களையே நொந்துகொள்வதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். மனசைத் திட்டுவதற்கு முன்னால், உட்கார்ந்திருக்கும் இடத்தை ஒருமுறை பாருங்கள். தனி அறை இல்லாமலேயே அதை மாற்றலாம்.

படி 1: மூலையைத் தேடுங்கள்

காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் வீட்டில் ஆள் நடமாட்டம் எங்கே குறைவு என்று கவனியுங்கள். பீரோவுக்குப் பக்கத்து இடைவெளி, பால்கனிக் கதவோரம், மாடிப்படிக்குக் கீழே என ஒருவர் உட்கார்ந்து எழுதும் அளவு இடம் போதும். சுவரைப் பார்த்து உட்காருங்கள். டிவியும் வாசலும் கண்ணில் படக்கூடாது.

கட்டில் மட்டும் வேண்டாம். தூக்கம் வராமல் தவிப்பவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் அறிவுரையே ‘கட்டிலைத் தூங்க மட்டும் பயன்படுத்துங்கள்’ என்பதுதான். ஓரிடத்தில் எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ, அங்கே போனதும் மனசு அதற்கே தயாராகும். அதனால் புது மூலையில் சாப்பாடு, ரீல்ஸ், அரட்டை எதுவும் வேண்டாம். களைத்துவிட்டால் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுங்கள்.

படி 2: போனை அடுத்த அறையில் வையுங்கள்

சைலண்டில் போட்டுக் கவிழ்த்து வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். 2017-ல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் இதைச் சோதித்தார்கள். சிலர் போனை மேசைமேல் வைத்தார்கள், சிலர் பையில், சிலர் வேறு அறையில். நினைவாற்றலையும் யோசிக்கும் திறனையும் சோதித்தபோது, வேறு அறையில் வைத்தவர்கள் மேசைமேல் வைத்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பின்னால் நடந்த எல்லாச் சோதனைகளிலும் இதே முடிவு வரவில்லை. ஆனாலும் எழுந்து போய்த்தான் எடுக்க வேண்டும் என்றால் கை தானாகப் போகாது, அந்த லாபம் நிச்சயம். நேரம் பார்க்க ஒரு சாதாரணக் கடிகாரம் வாங்கி வையுங்கள். அலுவலக அழைப்பு வரும் என்றால், ரிங் சத்தத்தைக் கூட்டிவிட்டு ஹாலில் வைக்கலாம்.

படி 3: வெளிச்சம்

ட்யூப்லைட் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழலே புத்தகத்தில் விழும். ஒரு மேசை விளக்கு அதைச் சரிசெய்துவிடும். வலக்கையால் எழுதுபவர்கள் அதை இடப்பக்கம் வையுங்கள், இடக்கையர்கள் வலப்பக்கம். லேப்டாப் என்றால் ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். திரைக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் கண் கூசும், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் பிரதிபலிக்கும்.

படி 4: உட்காரும் விதம்

நாற்காலியில் உட்கார்ந்தால் பாதம் தரையில் பதிய வேண்டும். திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்துக்கு வரட்டும். நாலு தடித்த புத்தகங்களை அடுக்கி லேப்டாப்பை அதன்மேல் வைத்துவிட்டு, தனிக் கீபோர்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தரையில் உட்காருபவர்களுக்கு அந்தக் காலக் கணக்குப்பிள்ளை மேசை மாதிரி சரிவான குட்டி மேசை நல்லது, கழுத்து குனியாது.

படி 5: சத்தம்

எல்லாச் சத்தமும் ஒரே மாதிரி தொந்தரவு செய்வதில்லை. ஃபேன் ஓடும் சத்தம், மழைச் சத்தம் போல ஒரே சீராக வருவது கொஞ்ச நேரத்தில் காதில் விழாமலே போய்விடும். பேச்சு அப்படியல்ல. படிக்கும்போது பக்கத்தில் சீரியல் வசனம் ஓடினால், வேண்டாம் என்றாலும் மூளை அதைப் பின்தொடரும். வரிகள் உள்ள பாட்டும் இப்படித்தான். பாட்டுப் போட்டால்தான் படிப்பு ஓடும் என்பவர்கள் வீணையோ புல்லாங்குழலோ போட்டுப் பாருங்கள்.

வீட்டாரிடம் ‘சத்தம் போடாதீங்க’ என்று பொதுவாகச் சொன்னால் சண்டைதான் வரும். நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள்: “அம்மா, ஏழிலிருந்து எட்டரை வரைக்கும் டிவி சவுண்டைக் கொஞ்சம் குறைச்சு வெச்சுக்கிறீங்களா?” எட்டரை ஆனதும் நீங்களே போய்ச் சத்தத்தைக் கூட்டிவிடுங்கள். அந்த வீடு அவர்களுக்கும்தானே. அதிகம் யோசிக்க வேண்டிய பாடத்தை அந்த அமைதியான நேரத்துக்கு வைத்துக்கொண்டு, நோட்ஸ் படியெடுப்பதைச் சத்தம் இருக்கும் நேரத்துக்குத் தள்ளுங்கள்.

படி 6: வீடு ஒத்துவராத நாளுக்கு ஓர் இடம்

விருந்தாளிகள் வந்துவிட்டால் மூலையும் போய்விடும். அதற்கு நூலகம் இருக்கிறது. சென்னையில் எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896-லிருந்து இருக்கிறது. கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், நாம் கொண்டுபோகும் புத்தகத்தை வைத்துப் படிக்கவே தனிப் பிரிவு உண்டு. மதுரையில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. லேப்டாப் வேலைக்கு, சென்னை கொளத்தூரில் 2024-ல் திறந்த முதல்வர் படைப்பகத்தில் படிக்கும் இடத்தோடு, கட்டணம் கட்டி உட்கார்ந்து வேலை பார்க்கும் இடமும் இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் மாவட்ட மைய நூலகத்தில் விசாரியுங்கள்.

முதல் தடவை போகும்போது மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வார விடுமுறை எந்த நாள், சொந்தப் புத்தகத்தையும் லேப்டாப்பையும் உள்ளே விடுவார்களா, சார்ஜ் போட எங்கே இடம் இருக்கிறது. தேர்வு நெருங்கும் மாதங்களில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள்.