காருக்குப் புது ஸ்டீரியோ: வயரின் நிறத்தை நம்பாமல் இணைக்கும் முறை

எங்கள் வீட்டு ஸ்விஃப்டில் காரோடு வந்த ஸ்டீரியோவில் ப்ளூடூத் இல்லை. அதனால் தொடுதிரை வைத்த ஒன்றை வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே மாட்டினேன். எல்லாம் பாடியது. மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் கடிகாரம் 12:00 காட்டியது. தேடி வைத்த எஃப்.எம். நிலையங்கள், போன் இணைப்பு எல்லாமே போயிருந்தன. அந்த ஒரு கோளாறைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. நீங்கள் அதில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முன்வேலை

டபுள் டின் எனப்படும் பெரிய அளவு ஸ்டீரியோவின் முகப்பு ஏறக்குறைய 180 × 100 மி.மீ. இருக்கும். டொயோட்டா கார்கள் பலவற்றில் இடம் 200 மி.மீ. அகலம். உங்கள் கார் மாடலுக்கான ஃபிரேமும், கம்பெனி கப்ளரில் (வயர்கள் வந்து சேரும் பிளக்) நேராகச் செருகும் அடாப்டர் கப்ளரும் வாங்கிவிடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ஜி.பி. ரோட்டில் இரண்டுமே கிடைக்கும். கம்பெனி வயரை வெட்டி ஒட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நாளைக்குக் காரை விற்கும்போது பழைய ஸ்டீரியோவைத் திரும்ப மாட்ட வழி இருக்க வேண்டும்.

டேஷ்போர்டைக் கழற்ற பிளாஸ்டிக் நெம்பிகள் போதும். ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பினால் கோடு விழும். உள்ளே மஞ்சள் நிற கப்ளர் கண்ணில் பட்டால் கை வைக்காதீர்கள். அது பெரும்பாலும் ஏர்பேக்குக்கு உரியது.

அளப்பது: இங்கேதான் நிதானம் வேண்டும்

புது ஸ்டீரியோவிலிருந்து வரும் வயர்களுக்குப் பெரும்பாலும் ஒரே நிற வழக்குதான். மஞ்சள் எப்போதும் இருக்கும் 12 வோல்ட், சிவப்பு சாவி திருப்பினால் வரும் 12 வோல்ட், கறுப்பு எர்த். ஸ்பீக்கர்களில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது மைனஸ். இது ஸ்டீரியோ பக்கத்துக்கு மட்டும். கார் பக்கத்து வயர்களின் நிறம் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. நான் வாங்கிய அடாப்டரிலும் மஞ்சள், சிவப்பு வயர்கள் இருந்தன. நிறத்துக்கு நிறம் சேர்த்தேன். ஆனால் அந்த அடாப்டரில் இரண்டும் இடம் மாறியிருந்தன.

அதனால் ஸ்டீரியோவின் மஞ்சள் வயருக்குச் சாவி திருப்பினால்தான் கரண்ட் வந்தது. நினைவில் வைப்பதற்கான கரண்ட் அந்த வயரில்தான் போகிறது. சாவியை எடுத்ததும் எல்லாம் மறந்துபோனது. அதோடு ஸ்டீரியோ இழுக்கும் மொத்த கரண்டும் மஞ்சள் வயர் வழியாகத்தான் போகும். அதைச் சாவி வழி வரும் லைனில் கொடுத்தால் அந்த லைனின் பியூஸுக்கும் ஆபத்து.

ஆகவே மல்டிமீட்டரை எடுங்கள். டெஸ்ட் லேம்ப் வேண்டாம். அது கூடுதலாகக் கரண்ட் இழுக்கும், தவறான வயரில் வைத்தால் எலக்ட்ரானிக்ஸைக் கெடுத்துவிடும். சில நூறு ரூபாய் மீட்டரே போதும், பீப் சத்தம் தருவதாக இருக்கட்டும்.

அடாப்டரைக் கார் கப்ளரில் செருகி, மறுமுனை வயர்களைத் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பெயின்ட் இல்லாத பாடி உலோகத்தில் அழுத்துங்கள். சாவி இல்லாமலே 12 வோல்ட்டுக்கு மேல் காட்டும் வயர் ஸ்டீரியோவின் மஞ்சளுக்கு. சாவியை ஒரு கட்டம் திருப்பியதும் உயிர் பெற்று, எடுத்ததும் செத்துப்போகும் வயர் சிவப்புக்கு. பார்க் லைட் போட்டால் மட்டும் காட்டுவது திரை மங்குவதற்கான வயர். ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டிப் பேனாவால் எழுதிவிடுங்கள்.

பிறகு பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு மீட்டரை ஓம்ஸுக்கு மாற்றுங்கள். பாடியோடு பீப் அடிப்பது எர்த். ஒரே ஸ்பீக்கரின் இரண்டு வயர்களுக்கு இடையே 3, 4 ஓம் காட்டும். ஸ்பீக்கர் வயர் எதுவும் பாடியோடு பீப் அடிக்கக் கூடாது. ஸ்பீக்கர் மைனஸை எர்த் என்று நினைத்து பாடியில் சேர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்றைய ஸ்டீரியோக்களில் பிளஸ், மைனஸ் இரண்டிலும் அம்பிளிஃபயர் வேலை செய்கிறது. பாடியில் பட்டால் அம்பிளிஃபயரின் ஐ.சி. (சிப்) போய்விடும்.

எந்த ஜோடி எந்தக் கதவு என்று தெரியவில்லையா? சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் செல் ஒன்றை அந்த ஜோடியில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். 'டப்' என்று கேட்கும் இடம்தான் அது. செல்லின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கூம்பு வெளிப்பக்கம் தள்ளும்.

சேர்ப்பது

பேட்டரி மைனஸ் கழன்றே இருக்கட்டும். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றாதீர்கள். நம் ஊர் வெயிலில் நிற்கும் காரில் டேப்பின் பசை உருகி வழுக்கிவிடும். கிரிம்ப் செய்து (சின்ன உலோகக் குழலில் வயர்களைச் செருகி அழுத்தி), மேலே சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். மஞ்சள் வயரில் பியூஸ் இல்லையென்றால் ஸ்டீரியோவின் கையேட்டில் சொன்ன ஆம்பியருக்கு ஒன்று சேர்த்துவிடுங்கள்.

ஃபிரேமை அழுத்திப் பூட்டுவதற்கு முன் பேட்டரியை இணைத்து, ஸ்டீரியோவை வெளியில் தொங்கவிட்டபடியே எல்லாவற்றையும் சோதியுங்கள். இடது வலது, முன் பின் சரியா, சாவியை எடுத்துப் பத்து நிமிடம் கழித்துப் போட்டால் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா, ஸ்டியரிங் பட்டன்கள் பதிவாகின்றனவா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு செட்களில் பட்டன்களுக்கு கீ1, கீ2 வயர்களை இணைத்த பிறகு, மெனுவில் ஒவ்வொரு பட்டனாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

அட்டைப்பெட்டியில் '50 × 4 வாட்' என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். தனி அம்பிளிஃபயர் இல்லாமல் ஒரு ஸ்பீக்கருக்கு நிஜமாகத் தொடர்ந்து கிடைப்பது 20 வாட் அளவுதான். மிச்சப் பணம் இருந்தால் முன் கதவு ஸ்பீக்கர்களை மாற்றுங்கள், வித்தியாசம் அங்கேதான் கேட்கும்.

பிற்சேர்க்கை

இதைப் படித்து மாட்டியவர்கள் கேட்டவற்றையும் சேர்க்கிறேன்.

பாட்டு கேட்கிறது, பேஸ் மட்டும் இல்லை என்றால் ஏதோ ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒன்று வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுப்பதால் தாழ்ந்த ஒலி அடிபட்டுப்போகிறது.

திரை எரிகிறது, சத்தமே இல்லையா? சில உயர் வேரியன்ட்களில் கம்பெனி அம்பிளிஃபயர் தனியாக இருக்கும். ஸ்டீரியோவின் நீல-வெள்ளை ரிமோட் வயரை அதற்குக் கொடுத்தால்தான் அது விழிக்கும். அந்தக் கார்களில் செல் சோதனையும் ஓம் அளவும் மேலே சொன்னபடி வராது. ஸ்பீக்கருக்குப் பதில் நீங்கள் அம்பிளிஃபயரின் உள்ளீட்டைத்தான் தொடுகிறீர்கள்.

மூன்றாவது, எஃப்.எம். இரைச்சல். முன்பு தெளிவாகக் கேட்ட நிலையம் இப்போது கரகரக்கிறதா? கூரையில் குட்டை ஆன்டெனா இருந்தால் அதற்குள் பூஸ்டர் இருக்க வாய்ப்புண்டு. அதற்கும் 12 வோல்ட் வேண்டும். ஸ்டீரியோவின் தனி நீல வயர் அதற்குத்தான். எல்லாரும் அதை டேப் சுற்றி மடக்கிவிடுகிறார்கள். சில கார்களில் ஆன்டெனா கேபிள் வழியாகவே பூஸ்டருக்குக் கரண்ட் போகும். அங்கே இடையில் ஒரு சின்ன ஆன்டெனா அடாப்டர் போட்டு, அதிலுள்ள வயரில் இந்த நீலத்தைச் சேர்க்க வேண்டும்.