நிறுவும்போது கேட்கப்படும் தரவுத்தளக் கடவுச்சொல்: காலியாக விட வேண்டிய கட்டம்

கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கத்துக் கடைகளிலும் பால் சங்கங்களிலும் கணினியைச் சரிபார்க்கப் போனால், தரவுத்தளத்தின் கடவுச்சொல் பெரும்பாலும் ‘கேஎல் 09’ என்று தொடங்கும் வண்டி எண்ணாகவே இருப்பதையும், அது மலையாள நாள்காட்டியின் ஓரத்தில் பேனாவால் எழுதப்பட்டிருப்பதையும் காண்கிறேன். மென்பொருள் பொதியை நிறுவும் திரை கேட்டவுடன், வாய்க்கு வந்ததைக் கொடுத்துவிடுவதே இதற்குக் காரணம்.

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களில், தரவுத்தளத்தை உலாவி வழியே கையாள உதவும் பிஎச்பிமைஅட்மின் போன்ற பொதியை நிறுவினால், டிபிகான்ஃபிக்-காமன் என்னும் துணைப்பொதி, தரவுத்தளத்தை நானே அமைக்கட்டுமா என்று கேட்கும். ஆம் என்று சொல்லிவிட்டு, அடுத்து வரும் கடவுச்சொல் கட்டத்தில் எதையும் தட்டாமல் என்டரை அழுத்துங்கள். காலியாக விட்டால் பூட்டில்லாத வீடாகிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆனால் அந்தத் துணைப்பொதி யாரும் ஊகிக்க முடியாத ஒன்றைத் தானே உருவாக்கி, தரவுத்தளத்தில் பதிந்து, அமைப்புக் கோப்பிலும் எழுதிவிடும். அதைத் தரவுத்தளத்திடம் ஒவ்வொரு முறையும் சொல்லப்போவது மென்பொருள்தானே தவிர மனிதர் அல்லர். ஆகவே நம் நினைவில் நிற்கும் சொல் அங்கே தேவையே இல்லை. விசைப்பலகை மலையாளத்துக்கோ தமிழுக்கோ மாறியிருப்பதை அறியாமல், கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைத் தட்டிவிட்டு மறுநாள் திண்டாடும் தொல்லையும் (எங்கள் எல்லையோரத்தில் இது புதிதல்ல) நீங்கும்.

தரவுத்தள நிர்வாகியின் கடவுச்சொல் வேறு. 2017இல் வெளிவந்த டெபியன் 9 முதல், மரியாடிபி என்னும் தரவுத்தள மென்பொருள் அதே கணினியில் இருந்தால், இயங்குதளத்தின் ரூட்டாக (எல்லா உரிமையும் உள்ள கணக்காக) நுழைந்தவரைக் கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விடும். பழைய வழிகாட்டியைப் பார்த்து அதற்கொரு கடவுச்சொல்லை வைக்க வேண்டாம். தரவுத்தளம் வேறொரு கணினியில் இருந்தால் மட்டும் நிர்வாகிக் கடவுச்சொல்லைத் தர வேண்டிவரும். வேலை முடிந்ததும் அதை நினைவில் வைத்திருக்காமல் விடுவதே துணைப்பொதியின் இயல்பான அமைப்பு.

உருவான கடவுச்சொல், அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி அடைவில் டிபிகான்ஃபிக்-காமன் என்ற பெயருள்ள உள்ளடைவில், ரூட் மட்டும் படிக்கக்கூடிய கோப்பில் இருக்கும். அதைச் சாதாரண பென்டிரைவுக்கு நகலெடுத்தால், அங்குள்ள ஃபேட் கோப்பு முறைக்கு இத்தகைய அனுமதிகள் தெரியாததால், அதைக் கையில் எடுத்தவரெல்லாம் படிக்கலாம். அப்படிக் கசிந்துவிட்டால், ‘டிபிகேஜி-ரீகான்ஃபிகர்’ கட்டளையுடன் பொதியின் பெயரைக் கொடுத்து மாற்றுங்கள். தரவுத்தளத்தை மீண்டும் நிறுவவா என்று அது கேட்டால், காப்புநகல் எடுக்காமல் ஆம் என்று சொல்லிவிடாதீர்கள்.

இரவுதோறும் காப்புநகல் எடுக்கும் நிரலில் கடவுச்சொல்லைக் கட்டளையோடு சேர்த்து எழுதக் கூடாது. அதைக் கையால் தட்டிச் சோதித்த ஒரு முறையே அது கட்டளை வரலாற்றில் பதிந்துவிடும். மரியாடிபிக்கு ‘.மை.சிஎன்எஃப்’, போஸ்ட்கிரெஸ் என்னும் இன்னொரு தரவுத்தள மென்பொருளுக்கு ‘.பிஜிபாஸ்’ என்று வீட்டு அடைவிலேயே தனிக்கோப்புகள் வைக்கலாம். பிறரும் படிக்கும்படி ‘.பிஜிபாஸ்’ கிடந்தால் போஸ்ட்கிரெஸ் அதை ஏறெடுத்தும் பார்க்காது; அனுமதியை 600 (உரியவர் மட்டும் படிக்க, எழுத) ஆக்கியதும் ஏற்றுக்கொள்ளும்.