பால் டம்ளரைக் குறைத்த பிறகு

கும்பகோணத்தை அடுத்த எங்கள் ஊரில், இரண்டு வயது நிரம்பிய என் மகள் நான்கு நாட்களுக்கு ஒருமுறைதான் மலம் கழிப்பாள். இடையில் கதவுக்குப் பின்னால் கால்களைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க நிற்பாள். முக்குகிறாள் என்றே நினைத்திருந்தேன். முன்பு வலித்த பயத்தில் அடக்குகிறாள் என்பது மருத்துவர் சொன்ன பிறகே புரிந்தது.

வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து வைக்கலாம் என்றார் மாமியார். எங்கள் பக்கத்தில் வெற்றிலைக்கா பஞ்சம்! ஆசனவாயில் புண்ணாகும் என்பதால் நான் உடன்படவில்லை.

மருத்துவர் எழுதித் தந்த லாக்டுலோஸ் மருந்தைக் கொடுத்தபடியே, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் வரை போய்க்கொண்டிருந்த பசும்பாலை, அவர் சொன்னபடி 400 மில்லிலிட்டராகக் குறைத்தோம். பாலிலேயே வயிறு நிறைந்துவிட்டதால்தான் அவள் சோற்றையும் காயையும் தொடாமல் இருந்திருக்கிறாள். பசி வந்ததும், பருப்புச் சோற்றில் மசித்த முருங்கைக்கீரை தகராறில்லாமல் உள்ளே போயிற்று. இரவில் ஊறவைத்த ஐந்தாறு உலர்திராட்சைகளை, தொண்டையில் சிக்காதபடி நன்கு மசித்து, ஊறிய நீருடன் காலையில் கொடுத்தேன். மாலையில் கொல்லைப் பப்பாளி.

சாப்பிட்டவுடன் பெருங்குடல் தானாகவே அசையத் தொடங்கும் என்பதால், காலை இட்லி முடிந்ததும் கால்கள் தரையில் பதியும் தாழ்ந்த டாய்லெட் இருக்கையில் ஐந்து நிமிடம் உட்கார வைத்தேன். வராவிட்டால் திட்டாமல் எழுப்பிவிடுவேன். மூன்றாம் வாரம், கதவுக்குப் பின்னால் போகாமல், தானே அந்த இருக்கையை இழுத்துக்கொண்டு வந்தாள்.