தஞ்சாவூர் ஓவியச் சட்டத்துக்கு 45 டிகிரி ஸ்லெட்

தஞ்சாவூர் ஓவியத்துக்குச் சட்டம் போடுகிறேன். மூலையில் மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் மனசு ஆறாது. டேபிள் சா (மேசை ரம்பம்) வைத்திருந்தால் அதற்கு ஒரு ஸ்லெட், அதாவது மரத்தை ஏற்றிப் பிளேடை நோக்கித் தள்ளும் சறுக்குப் பலகை, செய்துகொள்ளுங்கள். அடிப்பலகைக்கு 12 மி.மீ. பிளைவுட் போதும். மேசைக் காடியில் ஓடும் ரன்னருக்கு மரம் வேண்டாம், ஐப்பசி அடைமழையில் ஊதி இறுகிக்கொள்ளும். அலுமினியப் பட்டையே நல்லது.

பலகை மேல், சட்டத்துண்டை அணைத்து வைக்க, பிளேடின் இரு பக்கமும் சாய்வாக இரண்டு கட்டைகள். ஒவ்வொன்றையும் பிளேடிலிருந்து 45 டிகிரி என்று தனித்தனியே அளந்து மாய வேண்டாம். இரண்டுக்கும் நடுவே மூலைமட்டம் வெளிச்சம் தெரியாமல் உட்கார வேண்டும், அதுதான் முக்கியம். அப்புறம் சட்டத்தின் ஒரு துண்டை இடக்கட்டையிலும், அதோடு சேர்வதை வலக்கட்டையிலும் வைத்து அறுங்கள். ஒன்று 44.8 டிகிரி ஆகிவிட்டாலும் மற்றது 45.2 ஆகும், கூட்டினால் மூலை 90தான். எதிரெதிர்த் துண்டுகள் ஒரே நீளமாக வரக் கட்டையில் ஒரு தடுப்பு திருகுங்கள். பிளேடு வெளிவரும் பக்கம் தடித்த மரத்துண்டு ஒட்டுங்கள், கை அங்கே போகாது.