தளத்தைச் சர்வரில் ஏற்றும் வேலையை ஸ்கிரிப்ட்டிடம் ஒப்படைப்பது எப்படி?

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தின் அன்றாட ஏல விலைகளை வெளியிடும் ஒரு சிறிய இணையதளம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தளத்தை எழுதுபவர் ஒருவர். மஞ்சக்குப்பத்தில் அமர்ந்து அதைச் சர்வரில் ஏற்றுபவர் இன்னொருவர். கோப்புகளை அனுப்புவது, அனுமதிகளைத் திருத்துவது, பக்கங்களை வாசகருக்கு வழங்கும் என்ஜினெக்ஸ் மென்பொருளை ரீலோடு செய்வது, உலாவியில் திறந்து பார்ப்பது என்று ஒவ்வொரு முறையும் அதே வேலைகள்தான். இவற்றைக் கையால் செய்வதில் பெரிய சிரமம் இல்லை என்றே முதலில் தோன்றும். ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலையும், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலையும் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: ‘கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்ற அறிவிப்பை உடனே ஏற்ற வேண்டிய நாளில்தான் மின்சாரமும் இணைய இணைப்பும் போகும். ஆகவே, இவற்றை வரிசையாகச் செய்ய நாம் எழுதப்போகும் ஸ்கிரிப்ட் (கட்டளைகள் அடங்கிய கோப்பு) பாதியில் அறுந்தாலும் தளம் கெடக் கூடாது. அதை எழுதியவர் கைக்கு எட்டாத நேரத்திலும் இன்னொருவர் படித்துப் புரிந்துகொண்டு இயக்க முடிய வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டு தேவைகளிலிருந்து வருவதுதான்.

கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளில் அடிக்க வேண்டும்.

முதல் படி: சாவியும் தனிப் பயனரும்

சர்வருடன் பாதுகாப்பாக இணைவதற்கான முறை எஸ்எஸ்எச். அதன் எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையைக் கொண்டு ஈடி25519 வகைச் சாவி ஒன்றை உருவாக்கி, அதன் பொதுப் பகுதியைச் சர்வரில் சேர்த்துவிடுங்கள். தளம் ஏற்றுவதற்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்று போதும். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கில் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம். என்ஜினெக்ஸை ரீலோடு செய்யும் ஒரே ஒரு கட்டளைக்கு மட்டும் சுடோ அனுமதி (ரூட்டின் அதிகாரத்தில் இயக்கும் அனுமதி) கொடுத்தால் போதும்.

இரண்டாம் படி: கோப்புறைகளின் அமைப்பு

தொடக்கநிலையினர் பெரும்பாலும் தளம் இயங்கிக்கொண்டிருக்கும் கோப்புறைக்குள்ளேயே புதிய கோப்புகளைக் கொட்டுவார்கள். அதைத் தவிர்த்து, சர்வரில் ‘ரிலீசஸ்’ என்ற கோப்புறைக்குள் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தேதியும் நேரமும் பெயராகக் கொண்ட தனிக் கோப்புறை அமையட்டும். பயனர்கள் ஏற்றும் படங்களும் கடவுச்சொற்கள் உள்ள அமைப்புக் கோப்பும் ‘ஷேர்டு’ என்ற கோப்புறையில் இருக்கட்டும். ‘கரண்ட்’ என்ற சிம்லிங்க் (வேறொரு கோப்புறையைச் சுட்டும் குறுக்குவழி), இப்போது எந்த வெளியீடு நடப்பில் உள்ளதோ அதைச் சுட்டும். என்ஜினெக்ஸ் அமைப்பில் அந்தச் சிம்லிங்க்கின் பாதையைத்தான் கொடுக்க வேண்டும். பல சர்வர்களில் கடிகாரம் உலகப் பொது நேரமான யூடிசியில் இருக்கும் என்பதால், காலை 11 மணிக்கு நீங்கள் ஏற்றியதன் பெயரில் 5.30 என்று இருந்தால் குழம்ப வேண்டாம். எல்லாப் பெயர்களும் ஒரே நேரக்கணக்கில் இருந்தால் போதும்.

மூன்றாம் படி: ஸ்கிரிப்ட்டின் முதல் இரண்டு வரிகள்

முதல் வரியில் # குறி, ஆச்சரியக்குறி, அவற்றை அடுத்து, கட்டளைகளை இயக்கும் ஷெல் நிரலான பாஷின் பாதை வர வேண்டும். அங்கே எஸ்எச் என்று எழுதிவிட்டால், உபுண்டுவிலும் டெபியனிலும் ஸ்கிரிப்ட்டை இயக்குவது பாஷ் அல்ல, டாஷ் என்ற சிறிய ஷெல். கீழே சொல்லப்போகும் சில வசதிகள் அதில் வேலை செய்யாது.

இரண்டாம் வரி செட் கட்டளை. அதனுடன் ஈ, யூ என்ற இரு விருப்பங்களையும் பைப்ஃபெயிலையும் சேர்க்க வேண்டும். ஈ இருந்தால் ஒரு கட்டளை தோற்றவுடன் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். யூ இருந்தால், மதிப்பே கொடுக்கப்படாத மாறியை (மதிப்பைத் தாங்கும் பெயரை) பயன்படுத்தும் வரியில் நிற்கும். ஒன்றின் வெளியீட்டை மற்றொன்றுக்குள் அனுப்பும் கட்டளைத் தொடரில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயிலின் அருமை, டேட்டாபேஸ் நகல் எடுக்கும்போது தெரியும்: நகல் எடுக்கும் கட்டளையின் வெளியீட்டை, அதைச் சுருக்கும் ஜீசிப்புக்குள் அனுப்பும்போது, நகல் எடுப்பது தோற்றாலும் ஜீசிப் தன் வேலையைச் சரியாக முடித்துவிடுவதால், பைப்ஃபெயில் இல்லாத ஸ்கிரிப்ட் எல்லாம் நலம் என்று நினைத்துக்கொண்டு, காலியான நகலுடன் மேலே போய்விடும்.

ஈ விருப்பத்தை முழுவதுமாக நம்பிவிடவும் கூடாது. ஒரு செயற்கூறை (பெயரிட்ட கட்டளைத் தொகுதியை) இஃப் நிபந்தனைக்குள் வைத்து அழைத்தால், அந்தச் செயற்கூறின் உள்ளே இருக்கும் எல்லாக் கட்டளைகளுக்கும் அது செயலிழந்துவிடும். எஸ்எஸ்எச் வழியாகச் சர்வரில் இயக்கும் கட்டளைகளுக்கும் ஈ விருப்பம் பொருந்தாது, ஏனெனில் அங்கே இயங்குவது வேறொரு ஷெல்; அங்கே பல கட்டளைகள் தேவைப்பட்டால் அவற்றை && கொண்டு கோத்துவிடுங்கள்.

நான்காம் படி: படித்தால் புரியும் உடல்

ஸ்கிரிப்ட்டின் கடைசிப் பகுதி இப்படி இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்:

பூட்டு_போடு
புதிய_கோப்புறை_உருவாக்கு
கோப்புகளை_அனுப்பு
நடப்பை_மாற்று
தளத்தைச்_சோதி
பழையவற்றை_நீக்கு
பூட்டைத்_திற

இது விளக்கத்துக்காக எழுதிய போலி நிரல் அல்ல. பாஷ் செயற்கூறுகளுக்குத் தமிழ்ப் பெயர்களை ஏற்கும். மாறிகளின் பெயர்கள் மட்டும் ஆங்கில எழுத்துகளிலேயே இருக்க வேண்டும். டாஷ் இத்தகைய செயற்கூறுப் பெயர்களை ஏற்காது, முதல் வரியை வலியுறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். தமிழ் உள்ளீடு இல்லாத கணினிகளிலிருந்து ஸ்கிரிப்ட்டைத் திருத்தும் குழுவாக இருந்தால் ஆங்கிலப் பெயர்களையே வைத்துக்கொள்ளலாம். எந்த மொழியானாலும் ஒரு செயற்கூறு ஒரு வேலையைத்தான் செய்ய வேண்டும், அதன் பெயர் அந்த வேலையைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு செயற்கூறும் தொடங்கும்போது எக்கோவால் ஒரு வரி அச்சிட்டால், எங்கே நின்றது என்பதை இயக்குபவர் திரையைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

ஐந்தாம் படி: அனுப்புவது

இதற்கு, கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் கட்டளை சிறந்தது. மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின் சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பவை மட்டும் போகும். இல்லாவிட்டால் கோப்புறையே போய் இன்னொரு அடுக்கு உருவாகிவிடும். முதல்முறை டிரை-ரன் விருப்பத்துடன் இயக்கினால், எதையும் அனுப்பாமல், எவை போகும் என்று மட்டும் காட்டும். லிங்க்-டெஸ்ட் விருப்பத்தில் முந்தைய வெளியீட்டின் முழுப் பாதையைக் கொடுத்தால், மாறாத கோப்புகளை மீண்டும் அனுப்பாமல் சர்வரிலேயே ஹார்டு லிங்க் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) செய்துகொள்ளும். மெதுவான இணைப்பில் இது பெரிய உதவி. இந்தக் கட்டத்தில் இணைப்பு அறுந்தால் என்ன ஆகும்? ரிலீசஸ் கோப்புறைக்குள் அரைகுறையான ஒரு கோப்புறை கிடக்கும், அவ்வளவுதான். வாசகர் பார்ப்பது பழைய வெளியீட்டை.

ஆறாம் படி: ஒரே நொடியில் மாற்றுவது

சிம்லிங்க்கை மாற்ற எல்என் கட்டளையை எஸ், எஃப், என் விருப்பங்களுடன் பயன்படுத்தும்படி பல இடங்களில் சொல்லப்படுகிறது. அது பழைய இணைப்பை நீக்கிவிட்டுப் புதியதை உருவாக்கும் முறையில் நடக்கக்கூடும் என்பதால், இடையில் ‘கரண்ட்’ என்பதே இல்லாத ஒரு கணம் ஏற்படலாம். அதைவிட, தற்காலிகப் பெயரில் புதிய சிம்லிங்க் ஒன்றை உருவாக்கி, எம்வி கட்டளையைப் பெரிய டீ விருப்பத்துடன் கொடுத்து அதை ‘கரண்ட்’ மீது பெயர்மாற்றம் செய்யுங்கள். பெயர்மாற்றம் பிளவுபடாத ஒரே செயல். நடந்திருக்கும் அல்லது நடந்திருக்காது. தளம் பிஎச்பி மொழியில் இருந்தால், அது பழைய பாதையை நினைவில் வைத்திருக்கக்கூடும் என்பதால் அந்தச் சேவையையும் ரீலோடு செய்ய வேண்டும் (அந்தக் கட்டளைக்கும் சுடோ அனுமதி தேவைப்படும்).

ஏழாம் படி: சோதனையும் பின்வாங்கலும்

இணையப் பக்கத்தை டெர்மினலிலிருந்தே அழைக்கும் கர்ல் கட்டளை கொண்டு முகப்புப் பக்கத்தை அழைத்துப் பாருங்கள். ஆனால் ஃபெயில் விருப்பம் இல்லாத கர்ல், சர்வர் 404 அல்லது 500 என்று பதில் சொன்னாலும் வெற்றி என்றே திரும்பும். சோதனை தோற்றால் சிம்லிங்க்கை முந்தைய வெளியீட்டுக்கே திருப்புவதுதான் பின்வாங்கல். அதற்கு ஆறாம் படியின் செயற்கூறே போதும், அதனால்தான் அது எந்த வெளியீட்டுக்கு மாற்ற வேண்டும் என்பதை உள்ளீடாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

எட்டாம் படி: பூட்டும் துப்புரவும்

இருவர் ஒரே நேரத்தில் இயக்கிவிடாமலிருக்க, சர்வரில் எம்கேடிஐஆர் கட்டளையால் ‘லாக்’ என்ற கோப்புறையை உருவாக்குங்கள். அது ஏற்கெனவே இருந்தால் கட்டளை தோற்று ஸ்கிரிப்ட் நின்றுவிடும். பி விருப்பத்தை மட்டும் இங்கே சேர்த்துவிடாதீர்கள், சேர்த்தால் பூட்டு பூட்டாது. இணைப்பு அறுந்தால் பூட்டு அப்படியே கிடக்கும் என்பதால், போட்டவர் பெயரையும் நேரத்தையும் உள்ளே ஒரு கோப்பில் எழுதிவையுங்கள். அடுத்தவர் அதைப் பார்த்து, தொலைபேசியில் கேட்டுவிட்டு நீக்கலாம்.

கடைசி ஐந்து வெளியீடுகளை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஆர்எம் கட்டளையால் நீக்கும் பகுதிதான் ஸ்கிரிப்ட்டிலேயே ஆபத்தானது. 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளின் ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றில், பாதையைத் தாங்கிய மாறி காலியாகிப்போனதால், பயனரின் சொந்தக் கோப்புகளே அழிந்தது வெளியே வந்தது. யூ விருப்பம் மதிப்பே இல்லாத மாறியைப் பிடிக்கும், காலியான மாறியைப் பிடிக்காது. ஆகவே, நெளிவு அடைப்புக்குறிக்குள் மாறியின் பெயருக்குப் பின் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் இடுங்கள். காலியாக இருந்தாலும் அந்த வரி நின்றுவிடும். மாறிகளை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க மறந்த இடங்களை ஷெல்செக் கருவி வரி எண்ணோடு சுட்டிக்காட்டும்.

ஸ்கிரிப்ட்டைத் நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் தளத்தின் கிட் களஞ்சியத்திலேயே வைத்துவிட்டு, பின்வாங்கல் உண்மையில் வேலை செய்கிறதா என்று வேண்டுமென்றே ஒரு பழுதான வெளியீட்டை ஏற்றிப் பாருங்கள். ஏல விலைத் தளத்துக்கு அதற்கேற்ற காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த 61 நாள் தடைக்காலம்தான்.