குதிரைக்கு நாடி பார்ப்பது எப்படி?

புதிதாகக் குதிரை வாங்குகிறவர்கள் கொள்ளு, லாடம், சேணம் எல்லாம் விசாரிப்பார்கள். நாடி பார்க்கத் தெரியுமா என்றால் முழிப்பார்கள். ராத்திரியில் குதிரை வயிற்று வலியோடு புரளும்போது டாக்டருக்கு போன் போட்டால், அவர் முதலில் கேட்பது நாடியும் காய்ச்சலும்தான். குதிரை நன்றாக இருக்கும்போதே பழகிக்கொள்ளுங்கள்.

டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஸ்டெதஸ்கோப், கடிகாரம், ஒரு நோட்டு போதும். வெயில் ஏறுமுன், சவாரிக்கு முன் பாருங்கள்.

1. நாடி: கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலை ஓட்டினால் ஒரு ரத்தக்குழாய் உருளும். மெதுவாக அழுத்தி, 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். கட்டைவிரல் வேண்டாம், உங்கள் நாடியே அதில் துடிக்கும். ஓய்வில் 28 முதல் 44 வரை சரி. பிடிபடவில்லையா? இடது முன்னங்கால் முட்டிக்கு மேலே, உடம்போடு சேரும் மூட்டின் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வையுங்கள். 'லப்', 'டப்' இரண்டும் சேர்ந்து ஒரே துடிப்பு. முதல் தடவை நான் தனித்தனியாக எண்ணி, 76 என்று பதறிப்போனேன்.

2. காய்ச்சல்: நேர் பின்னால் நிற்காதீர்கள், தொடையை ஒட்டிப் பக்கவாட்டில் நில்லுங்கள். வாசலின் தடவி ஆசனவாயில் வையுங்கள். தெர்மாமீட்டரில் நூல் கட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள், உள்ளே போய்விட்டால் வம்பு. 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட் சாதாரணம்.

3. மூச்சும் ஈறும்: விலா ஏறி இறங்குவதை எண்ணுங்கள், நிமிடத்துக்கு 8 முதல் 16. ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கவேண்டும். அழுத்தி எடுத்தால் 2 விநாடிக்குள் நிறம் திரும்பவேண்டும்.

4. வயிறு: விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே இரண்டு பக்கமும், மேலும் கீழும் காது கொடுங்கள். கடமுடா சத்தம் நல்லது. சத்தமே இல்லை என்றால்தான் பயப்படவேண்டும்.

எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் குதிரையின் கணக்கு பிடிபடும்.

தரையைக் காலால் பறிக்கிறது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, சாணி போடவில்லை என்றால் தீவனத்தை எடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். ஓய்விலேயே நாடி 60-ஐத் தாண்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. மாட்டுக்கு ஊற்றுவதுபோல் எண்ணெயோ கஷாயமோ வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் இறங்கிவிடும். குதிரையால் வாந்தியும் எடுக்க முடியாது. வயிறு உப்பினால் டாக்டர்தான் மூக்கு வழியாகக் குழாய் விட்டு இறக்கவேண்டும். அவர் வரும்வரை நிதானமாக நடத்தலாம். புரண்டு முரண்டு பிடித்தால் கயிற்றை விட்டு விலகிவிடுங்கள், உதை பட்டால் உங்களுக்கும் ஒரு டாக்டர் தேவைப்படும்.